இணையத்தில் வழங்கும் சில சொற்கள்



இணையத்தில் நாள்தோறும் வழங்கும் சில சொற்களைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன். "இவையெல்லாம் எங்களுக்குத் தெரியாதனவா? கைப்பேசியோடு வளர்ந்தவர்கள் அல்லவா நாங்கள்!" என்று உங்களிற் சிலர் நகைக்கக் கூடும். சொல்லை வழங்குவது வேறு, அதன் பொருளை அறிவது வேறு. லிங்க், லாகின், அப்லோடு, ஓ.டி.பி. என்று ஓயாமல் சொல்லும் இளைஞர் ஒருவரை நிறுத்தி, "தம்பி, அப்லோடு என்றால் என்ன?" என்று கேட்டால், "அதுதான் ஐயா, அப்லோடு பண்ணுவது" என்று விடை வருகிறது. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன். இத்தகைய விடைக்கு மதிப்பெண் கொடுத்துப் பழக்கமில்லை.

நான் வாழ்வது கொல்லிமலையில், பெரக்கரை நாட்டில். மலையை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே நாடு என்பது சிற்றூர்கள் பல சேர்ந்த ஒரு தொகுதி. கொல்லிமலை ஒன்றியத்தில் இத்தகைய நாடுகள் 14 ஊராட்சிகளாக இருக்கின்றன. மிளகும் காப்பியும் பலாவும் சாமையும் விளையும் இந்த ஊர்களில், சாதிச் சான்றிதழ் கேட்பதும், உதவித்தொகை கோருவதும், கல்லூரியில் இடம் வேண்டுவதும், தேர்வு முடிவு காண்பதும் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. தாலுகா அலுவலகத்தில் ஒரு சொல் விளங்காவிட்டால் எழுத்தரைக் கேட்கலாம். சிக்னல் தேடி மேட்டில் ஏறி நிற்கும் மாணவன் திரையில் தோன்றும் சொல்லுக்கு யாரிடம் பொருள் கேட்பான்? ஆகவேதான் இந்தப் பேச்சு.

இச்சொற்களை நெட்டுருச் செய்ய வேண்டா. எந்தச் சொல் வந்தாலும் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். பொருள் இப்பொழுது யாரிடம் இருக்கிறது? அது எந்தத் திசையில் போகிறது? இவ்விரண்டுக்கும் விடை கண்டால் பெரும்பாலான சொற்கள் தாமே விளங்கிவிடும்.

முதலில் இணையம் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இச்சொல்லைத் தமிழுக்கு வழங்கியவர் என்று போற்றப்படுபவர் சிங்கப்பூரில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கி 1999-ஆம் ஆண்டில் மறைந்த நா. கோவிந்தசாமி அவர்கள். இணை என்னும் வேரிலிருந்து பிறந்த சொல். கணினிகள் பல ஒன்றோடொன்று இணைந்த அமைப்பு என்னும் பொருளை அது தானே உணர்த்துகிறது. ஒரு கலைச்சொல்லுக்கு இதைவிட வேறு சிறப்பு வேண்டுமா?

இப்பொழுது என் குரல் உங்களை வந்தடைகின்றதே, இது வானொலி. இங்கே நிலையம் ஒன்று, கேட்போர் பலர். நிலையம் அனுப்புகிறது, நீங்கள் பெறுகிறீர்கள். உங்கள் வானொலிப் பெட்டி நிலையத்திற்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை. நீங்கள் கேட்கிறீர்களா, உறங்குகிறீர்களா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. (தெரியாதிருப்பதே பேச்சாளர்களுக்கு நல்லது.) இணையம் அத்தகையதன்று. அங்கே ஒரு படத்தைப் பார்க்க வேண்டுமானாலும் முதலில் உங்கள் கருவி, "அதை எனக்கு அனுப்புக" என்று கேட்க வேண்டும். அக்கோரிக்கை உங்களை விட்டு வெளியே செல்கிறது. அதன் பின்னரே விடை வருகிறது. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்று நாம் எண்ணும்பொழுதும் நம்மிடமிருந்து ஏதோ ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது. வானொலிக்கும் இணையத்திற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

இவ்வாறு போவதும் வருவதும் எங்ஙனம் நிகழ்கின்றன? எங்கள் மலையிலிருந்து கீழ்நாட்டுக்குப் பலாப்பழம் அனுப்புவதாகக் கொள்ளுங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறிவரும் பாதை ஒன்று; முள்ளுக்குறிச்சி வழியாக வரும் பாதை மற்றொன்று; புளியஞ்சோலைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை இன்னொன்று. நூறு பழங்களையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றிலும் சேருமிடத்தையும் வரிசை எண்ணையும் எழுதி, எந்தப் பாதை திறந்திருக்கிறதோ அதன் வழியே அனுப்பலாம். முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தாலும், வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம். ஒன்று வந்து சேராவிட்டால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி அனுப்பச் சொல்லலாம். இணையத்தில் செய்தி செல்லும் முறை இதுதான். எந்தச் செய்தியும் சிறு சிறு சிப்பங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் அதைப் பாக்கெட் என்பர். உங்கள் நண்பன் அனுப்பிய ஒரு புகைப்படம் நூற்றுக்கணக்கான சிப்பங்களாக வந்து உங்கள் கைப்பேசியில் மீண்டும் ஒன்றாகின்றது.

இம்முறையைப் பயன்படுத்தி 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அமெரிக்காவில் இரண்டு கணினிகளுக்கிடையே முதற்செய்தி அனுப்பப்பட்டது. அனுப்ப முயன்ற சொல் லாகின் என்பது. முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தவுடன் மறுபக்கத்துப் பொறி நின்றுவிட்டது! பல்வேறு வலைப்பின்னல்கள் யாவும் ஒரே விதியின்படி பேசிக்கொள்ளும் ஏற்பாடு 1983-இல் வந்தது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கப்பட்டது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். இணையம் வானத்திலிருந்து வருகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். கைப்பேசிக்கும் கோபுரத்திற்கும் இடையேதான் அது காற்றில் செல்கிறது. அதன் பின்னர் பெரும்பாலும் மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளில் ஒளியாக, நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. கடலுக்கடியிலும் இத்தகைய இழைவடங்கள் கிடக்கின்றன. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் வடம் 2020-ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது.

இணையம் வேறு, வலை வேறு. இணையம் பாதை என்றால், வலை அப்பாதையோரத்தில் வைத்த கடைகள். வலையை அமைக்கும் திட்டத்தை 1989-இல் எழுதியவர் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர். அப்பொழுது அவர் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். அந்நிலையம் 1993-இல் அதை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இலிங்க் எனப்படும் இணைப்பு, ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குத் திறக்கும் கதவு. உலாவி, அஃதாவது பிரௌசர், கடைகளுக்குச் சென்றுவர உங்கள் கையில் உள்ள கருவி. தேடுபொறியோ சந்தையில் நின்று, "மிளகா? அந்த மூலைக்குப் போ" என்று வழிகாட்டும் ஆளைப் போன்றது. அவருக்குச் சந்தை முழுவதும் தெரியும், ஆனால் கடைகள் அவருடையன அல்ல. மேலும் சில கடைக்காரர்கள் அவருக்குக் காசு கொடுத்திருப்பார்கள். அவர்களுடைய கடைகளை அவர் முதலில் காட்டுவார். அவற்றின் பக்கத்தில் விளம்பரம் என்று சிறிய எழுத்தில் குறித்திருக்கும். கண்ணில் பட்ட முதல் விடையே சரியான விடை என்று கொள்ளுகின்ற மாணவர்கள் அந்தச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்.

வலைமுகவரியைப் படிக்கத் தெரிந்துகொள்வது இன்றியமையாதது. அஞ்சல் உறையின்மீது பெயர், தெரு, ஊர், மாவட்டம், மாநிலம் என்று எழுதுகிறோம். அஞ்சலைப் பிரிப்பவர் முதலில் பார்ப்பது பெயரையா? இல்லை. கடைசியில் உள்ளதை முதலில் பார்த்து, கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே வருவார். வலைமுகவரியையும் அவ்வாறே வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். நாமக்கல் புள்ளி என்.ஐ.சி. புள்ளி ஐ.என். என்பது எங்கள் மாவட்ட நிருவாகத்தின் தளம். கடைசியில் உள்ள ஐ.என். இந்தியாவைக் குறிக்கும். அதன் இடப்பக்கத்தில் உள்ள என்.ஐ.சி. தேசியத் தகவலியல் மையத்தைக் குறிக்கும். அதற்கும் இடப்பக்கத்தில் மாவட்டத்தின் பெயர். ஏமாற்றுவோர் இதே பெயரை எழுதி, அதன் பின்னே இன்னொரு புள்ளியும் வேறொரு சொல்லும் ஒட்டவைத்து அனுப்புவர். இடமிருந்து படிப்பவன் நாமக்கல் என்பதைக் கண்டதும் மனம் நிறைந்து உள்ளே புகுவான். வலமிருந்து படிப்பவனுக்கோ அது யாரோ ஒருவருடைய வீடு என்பது உடனே புலப்படும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னே உள்ள பகுதியையே இவ்வாறு படிக்க வேண்டும். அக்கோட்டுக்குப் பின்னே எவரும் எப்பெயரையும் எழுதிக்கொள்ளலாம். முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்று இருந்தால், வழியில் எவரும் உங்கள் சிப்பங்களைப் பிரித்துப் படிக்க முடியாது என்று பொருள். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அது சான்று ஆகாது. பூட்டிய வண்டியில் அனுப்பினாலும் திருடன் வீட்டுக்கே அனுப்பினால் என்ன பயன்?

இனி, பதிவேற்றம், பதிவிறக்கம் என்னும் இரண்டு. அப்லோடு, டவுன்லோடு என்பனவற்றுக்குத் தமிழில் வழங்கும் சொற்கள் இவை. எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு இவற்றில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. எங்களிடமிருந்து வெளியே போவன எல்லாம் மலையிலிருந்து கீழே இறங்குகின்றன. அரிசியும் உப்பும் துணியும் போல வெளியிலிருந்து வருவன மேலே ஏறுகின்றன. ஆகவே, "நம்மிடமிருந்து போவதை ஏற்றம் என்கிறார்களே, நம்மிடம் வருவதை இறக்கம் என்கிறார்களே, இது தலைகீழாக அல்லவா இருக்கிறது?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி! மலையேற்றத்தை நினையாதே, மூட்டையை நினை என்றேன். மிளகு மூட்டையை லாரியில் ஏற்றினால் அது நம்மை விட்டுப் போகிறது. அரிசி மூட்டையை லாரியிலிருந்து இறக்கினால் அது நம் வீட்டுக்கு வருகிறது. பதிவேற்றமும் பதிவிறக்கமும் இத்தகைய ஏற்றுதலும் இறக்குதலுமே. இங்கே ஒரு சிறு வேறுபாட்டையும் கருத வேண்டும். மூட்டையை ஏற்றியபின் வீட்டில் மூட்டை இராது. கோப்பைப் பதிவேற்றினாலோ மூலம் உங்களிடமே இருக்கும். போவது அதன் படி. அந்தப் படியைப் பெற்றவர் அதிலிருந்து இன்னும் ஆயிரம் படிகள் எடுக்கலாம். உங்களிடம் உள்ளதை நீங்கள் அழித்துவிட்டாலும் அவரிடம் உள்ளது அழியாது. ஒரு புகைப்படத்தை அனுப்புவதற்கு முன்னர் மாணவியர் இதை நினைவிற் கொள்வது நலம்.

இதனோடு சேர்ந்த மற்றோர் இணை, சேமி என்பதும் சமர்ப்பி என்பதும். சேவ், சப்மிட் என்று திரையில் பொத்தான்களாகத் தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியிலிருந்து கல்லூரிக்குச் சென்ற மாணவன் ஒருவன் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தான். பெயர், சான்றிதழ் எண், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பிழையின்றி நிரப்பினான். கடைசியில் சேமி என்னும் பொத்தானை அழுத்தினான். "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் ஒரு வரி தோன்றியது. மகிழ்ச்சியோடு வீடு திரும்பினான். சேமித்தல் என்பது எழுதியதை எழுதியபடி எடுத்து வைத்தல், அஃதாவது கடிதத்தை எழுதி மேசைமேல் வைத்தது போன்றது. சமர்ப்பித்தல்தான் அதை அஞ்சற்பெட்டியில் இடுதல். கடைசி நாள் கடந்தது. அவனுடைய விண்ணப்பம் பரிசீலனைக்கு வரவே இல்லை. அவ்வாண்டு அவனுக்கு உதவித்தொகை கிட்டவில்லை. அவன் தந்தையார் கொடியில் மிளகு முற்றுமுன்னரே அதை விலை பேசி, முன்பணம் பெற்றுக் கட்டணம் செலுத்தினார். அறுவடைக் காலத்தில் விலை ஏறியபொழுது அந்த ஏற்றம் வாங்கினவருக்கே போயிற்று. அம்மாணவன் மந்தபுத்தி உடையவன் அல்லன், கணக்கில் வல்லவன். அவனுக்குத் தெரியாமற்போனது ஒரே ஒரு சொல். விண்ணப்பம் உங்களை விட்டுப் போனதற்கு அடையாளம் பச்சை எழுத்தன்று, மறுபக்கத்திலிருந்து வரும் ஒப்புகை எண்ணே. அவ்வெண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் எழுந்திருக்காதீர்கள்.

விண்ணப்பங்களில் மற்றொரு குழப்பமும் நேர்வதுண்டு. தமிழில் தட்டச்சிட்ட கடிதம் இன்னொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். எழுத்துரு, யூனிகோடு என்னும் இரண்டையும் வேறுபடுத்தி அறிந்தால் இதன் காரணம் விளங்கும். கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது குறியேற்றம். அந்த எண்ணைத் திரையில் எவ்வடிவில் வரைவது என்பது எழுத்துரு. முற்காலத்தில் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள் தத்தமக்கு ஏற்றவாறு எண்களை அமைத்துக்கொண்டனர். ஒருவருடைய அகரம் மற்றொருவருக்கு வேறெழுத்தாயிற்று. யூனிகோடு என்பது உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண்பட்டியல். அதில் தமிழுக்கெனத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதன்படி எழுதியது எங்கும் தமிழாகவே தோன்றும். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியாகவும், 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனத்தின் வழியாகவும், சங்க நூல்கள் முதல் எத்தனையோ தமிழ் நூல்களை நீங்கள் காசின்றிப் படிக்கலாம். நூலகம் செல்ல எழுபது வளைவுகள் இறங்க வேண்டியிருந்த தலைமுறையைச் சேர்ந்தவனுக்கு இது எத்துணைப் பெரிய செல்வம் என்பது உங்களுக்கு எளிதில் விளங்காது.

கிளவுட் என்பதை மேகம் என்று மொழிபெயர்க்கின்றனர். எங்கள் மலையில் மேகம் சன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் இந்த மேகம் வானத்தில் இல்லை. சென்னை, மும்பை போன்ற நகரங்களில் தரவு மையம் என்னும் கட்டடங்களில் இரவும் பகலும் ஓடும் பிறருடைய கணினிகளே அது. உங்கள் படங்கள் மேகத்தில் உள்ளன என்றால், வேறொருவர் வீட்டு அலமாரியில் உள்ளன என்று பொருள். குக்கீ என்பது நீங்கள் சென்ற தளம் உங்கள் உலாவியில் விட்டுச் செல்லும் சிறு சீட்டு. மறுமுறை சென்றால் அதைக் கண்டு உங்களை அடையாளம் கொள்ளும். அதனாலேயே மறுபடியும் கடவுச்சொல் கேட்பதில்லை. நேற்றுப் பார்த்த செருப்பு இன்று எங்கு சென்றாலும் விளம்பரமாக உங்களைத் தொடர்வதற்கும் பெரும்பாலும் அத்தகைய சீட்டுகளே காரணம்.

கடவுச்சொல் உங்கள் வீட்டுத் திறவுகோல். ஓ.டி.பி. என்பது ஒரே ஒரு முறை மட்டும் திறந்து, சில நிமிடங்களில் கரைந்துவிடும் திறவுகோல். இங்கே நம் இரண்டு கேள்விகளையும் எழுப்பிப் பார்ப்போம். ஓ.டி.பி. எங்கிருந்து எங்கே வருகிறது? வங்கியிலிருந்து உங்களிடம் வருகிறது. யாரோ உங்கள் கணக்கைத் திறக்க முயலும்பொழுது, "திறப்பவர் நீர்தாமா?" என்று உங்களையே கேட்பதற்காக அனுப்பப்படுவது அது. அனுப்பியதே வங்கி. அவ்வாறிருக்க, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவர் அழைத்து, அந்த எண்ணைச் சொல் என்று கேட்பானேன்? தாம் அனுப்பியதைத் தாமே அறியாதவரா? கேட்கிற கணத்திலேயே அவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர் என்பது தெளிவாகின்றது. பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் இதை நீங்கள்தாம் விளக்கிச் சொல்ல வேண்டும். அஞ்சல் முகவரியில் வரும் பின்கோடு ஊரறிய எழுத வேண்டியது. பணம் செலுத்த உதவும் பின் எண்ணோ உடன்பிறந்தவருக்கும் சொல்லலாகாதது. ஓசை ஒன்றாயிருப்பதால் முதியோர் மயங்குவதைக் கண்டிருக்கிறேன்.

யூ.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசிப்பழம் விற்கும் அம்மையாரும் இன்று க்யூ.ஆர். கட்டத்தை அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார். அதிலும் திசையைப் பாருங்கள். கட்டத்தைக் கைப்பேசியால் காண்பவர் யார்? பின் எண்ணை இடுபவர் யார்? பழம் வாங்குபவர், அஃதாவது பணம் கொடுப்பவர். விற்பவர் எந்த எண்ணையும் இடுவதில்லை. அவர் பாட்டுக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருக்கிறார், பணம் வந்து சேர்கிறது. ஆகவே, "உங்களுக்குப் பரிசுப்பணம் வந்திருக்கிறது, உதவித்தொகை வந்திருக்கிறது, இந்தக் கட்டத்தைக் கண்டு பின் எண்ணை இடுங்கள்" என்று எவரேனும் சொன்னால், பணம் போகும் திசை எது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

அப்படியும் பணம் பறிபோய்விட்டால், வெட்கப்பட்டு வீட்டில் மறைத்து வைக்க வேண்டா. 1930 என்னும் எண்ணுக்கு உடனே பேசுங்கள். அது இந்திய அரசின் இணையக் குற்ற உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே செல்லுமாதலால், அது வெளியே எடுக்கப்படுமுன் தடுத்து நிறுத்த வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கச் சென்றால் இரவுக்குள் அது பல கைகள் மாறிவிடும். பேசும்பொழுது பணம் சென்ற நேரம், தொகை, குறுஞ்செய்தியில் வந்த பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள்.